காளான் வித்துக்கு எந்தத் தானியம்: ஈரோடு மாவட்டச் சிறு வித்துக்கூடம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஈரோடு மாவட்டத்தில், கீழ்பவானி வாய்க்கால் பாசனம் பெறும் ஒரு கிராமத்தில், கணவனும் மனைவியுமாக ஒரு சிறு காளான் வித்துக்கூடத்தை நடத்திவருகிறார்கள். வித்து என்பது வேகவைத்த தானியத்தில் காளான் இழையைப் படரவிட்டுச் செய்வது; விதையைப் போல அதை வைக்கோலில் இட்டே காளான் வளர்க்கிறார்கள். நெல் விளையும் பகுதியாதலால் வைக்கோலுக்குக் குறைவில்லை. சுற்றியுள்ள ஊர்களில் வீட்டை ஒட்டிக் கீற்றுக்கொட்டகை போட்டுச் சிப்பிக்காளான் வளர்ப்பவர்கள், அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், இந்தக் கூடத்திலிருந்தே வித்து வாங்குகிறார்கள். வளர்க்கப்படுவது பெரும்பாலும் பி.எஃப். எனப்படும் வெள்ளைச் சிப்பிக்காளான். கூடத்தில் ஓர் ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கலன்), கிருமி படாமல் வித்து இடுவதற்கான ஒரு தடுப்பறை, வித்துப் பைகளை அடுக்கிவைக்கும் ஓர் அறை ஆகியவை உண்டு; வேலைக்கு வேறு ஆள் இல்லை.

அவர்கள் பின்பற்றிவந்தது தமிழ்நாட்டில் பரவலாகக் கற்பிக்கப்படும் முறைதான். சோளத்தைக் கழுவி, அரை மணி நேரம் அரைவேக்காடாக வேகவைத்து, சாக்குத்துணியில் பரப்பி ஈரம் வடியவிட்டு, கிலோவுக்கு 20 கிராம் கால்சியம் கார்பனேட் தூள் கலந்து, பாலிப்ரொப்பிலீன் பைகளில் நிரப்புவார்கள். பையின் வாயில் பிவிசி வளையம் மாட்டி, உறிஞ்சாப் பஞ்சால் அடைத்து, ஆட்டோகிளேவில் 20 பவுண்டு அழுத்தத்தில் இரண்டு மணி நேரம் வைத்து எடுப்பார்கள். ஆறியபின் தாய்வித்திலிருந்து (ஏற்கெனவே இழை படர்ந்த மூல வித்திலிருந்து) சில மணிகளை உள்ளே விட்டால், ஏறக்குறைய பதினைந்து நாளில் பை முழுவதும் வெண்ணிற இழை படர்ந்து வித்து தயாராகிவிடும். ஒரு பை வித்து இரண்டு படுக்கைகளுக்கு (வைக்கோலும் வித்தும் அடுக்கடுக்காக நிரப்பியவை) என்பது அங்குள்ள கணக்கு.

சோளம் எங்கிருந்து வந்தது என்பது இந்நிகழ்வில் முக்கியம். தூத்துக்குடி, விருதுநகர் பக்கத்துக் கரிசல் காடுகளில் வடகிழக்குப் பருவமழையை நம்பிப் புரட்டாசி, ஐப்பசியில் விதைத்து, தை, மாசியில் வறண்ட வெயிலில் அறுவடையாகும் வெள்ளைச் சோளத்தை ஒரு வியாபாரி மூலம் மொத்தமாக வாங்கி, ஆண்டு முழுவதும் வைத்துப் பயன்படுத்தி வந்தார்கள். நிகழ்வு நடந்த ஆண்டில் புதிதாகக் காளான் வளர்க்கத் தொடங்கியவர்கள் சிலர் சேர்ந்ததால் அந்தச் சோளம் கார்த்திகையிலேயே தீர்ந்துவிட்டது. அடுத்த அறுவடைக்கு இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது. எனவே அருகிலிருந்த மண்டியில் கிடைத்த, ஆடிப்பட்டத்தில் விதைத்து ஐப்பசியில் அறுத்த புதுச் சோளத்தை வாங்கினார்கள். அதன் விலையும் அவர்கள் வழக்கமாகக் கொடுத்துவந்ததைவிட அதிகம்.

புகார்களும் முதல் எண்ணமும்

புதுச் சோளத்தில் தயாரித்த வித்து வெளியே போன சில வாரங்களில் புகார்கள் வரத் தொடங்கின. படுக்கையில் இழை ஓடவில்லை, ஓடிய இடத்திலும் நடுநடுவே மஞ்சளாக நனைந்த திட்டு இருக்கிறது, பையைப் பிரித்தால் புளித்த வாடை வருகிறது என்று பலர் சொன்னார்கள். கூடத்திலும் விற்பனைக்குப் போகுமுன்பே கழிக்கவேண்டிய பைகள் அதிகரித்தன. முன்பு ஒரு தொகுதிக்கு ஓரிரண்டு பைகள் கழிந்த இடத்தில், இப்போது ஏறக்குறைய நான்கில் ஒன்றைக் கழிக்கவேண்டியிருந்தது.

இந்த நிலையில் அவர்களுக்கு வந்த எண்ணம், சோளத்தையே விட்டுவிடுவது. மக்காச்சோளம் மலிவு, நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்காக அது இப்பகுதி மண்டிகளுக்கு ஆண்டு முழுவதும் வந்துகொண்டே இருக்கிறது, வெளிநாட்டுக் காணொளிகளில் மக்காச்சோளத்தில் வித்து செய்து காட்டுகிறார்கள். எனவே மக்காச்சோளத்துக்கு மாறலாமா என்று கேட்டே என்னை அழைத்தார்கள். பயிர் நோயியல் படித்தவன் என்ற முறையில் அவர்களுக்கு அவ்வப்போது ஆலோசனை சொல்லிவந்தேன்.

கேள்வி நியாயமானதுதான். ஆயினும் எந்தத் தானியம் என்ற கேள்விக்கு விடை சொல்லுமுன், இருக்கும் தானியம் ஏன் கெடுகிறது என்பது தெரிந்தாகவேண்டும். கெடுதலுக்கான காரணம் தானியத்தில் இல்லாமல் வேலைமுறையில் இருந்தால், அது மக்காச்சோளத்துடனும் கூடவே வரும்.

நேரில் கண்டவை

கழித்துவைத்த பைகளைத் தரையில் பரப்பி, கெட்டுப்போன இடத்தையும் விதத்தையும் கொண்டு பிரித்தோம். உடனே இரண்டு வகைகள் தெரிந்தன. ஒரு வகையில் பையின் அடி மூலையில் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டி, வழவழப்பாகி, பிளாஸ்டிக்கின் உட்புறம் கலங்கிய நீர் படிந்திருந்தது. இழை அந்த எல்லைவரை வந்து நின்றுவிட்டது. பிரித்து முகர்ந்தால் புளித்த பழைய சோற்று வாடை. மற்றொரு வகையில் மணிகள் உதிரியாக, நல்ல நிலையில் இருந்தன. ஆனால் பஞ்சடைப்புக்குக் கீழே பச்சையும் கறுப்புமாகப் பூசணம் பிடித்து, மேலிருந்து கீழே இறங்கியிருந்தது. கழிந்த பைகளில் பெரும்பகுதி முதல் வகை.

இவை இரண்டும் ஒரே நோயின் இரு முகங்கள் அல்ல. முதல் வகை பாக்டீரியாவால் வருவது. தானியத்தின் மேல் எப்போதும் இருக்கும் பேசில்லஸ் வகைப் பாக்டீரியாக்கள் தடித்த உறை கொண்ட உறைவித்துகளாக (காளான் வித்து வேறு) மாறி வெப்பத்தைத் தாங்கக்கூடியவை; நீராவியின் சூடு பையின் நடுவரை போய்ச் சேர்ந்து போதிய நேரம் நிற்காவிட்டால் அவை பிழைத்துக்கொள்ளும். பிழைத்தபின் அவற்றுக்கு வேண்டியது தேங்கிய நீரும் கரைந்த மாவும். இரண்டாவது வகை வெளிக்காற்றிலிருந்து, ஈரமான பஞ்சு வழியாக நுழைந்த பூசணம். ஆட்டோகிளேவில் பஞ்சின் மேல் தாள் கட்டாமல் வைத்ததால் நீர் சொட்டி நனைந்திருந்தது. தானியம் எதுவாக இருந்தாலும் அந்த வழி திறந்தேதான் இருக்கும்.

அடுத்து ஆட்டோகிளேவ். மார்கழி, தையில் குளிர் காரணமாகக் காளான் நன்றாக வருவதால் வித்துக்குத் தேவை கூடுகிறது. அதை ஈடுசெய்ய அவர்கள் பைகளை இடைவெளியின்றி நெருக்கி அடுக்கியிருந்தார்கள். உள்ளிருக்கும் காற்று முழுவதும் வெளியேறுமுன்பே நீராவித் திறப்பை மூடும் பழக்கமும் இருந்தது. காற்று உள்ளே நின்றால் அழுத்தமானி 20 காட்டும், ஆனால் அந்த அழுத்தத்துக்குரிய வெப்பம் உள்ளே இராது. இது கெடுதலைக் கூட்டியிருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் பழைய சோளத்தின் கடைசி இரண்டு தொகுதிகளும் இதே நெருக்கத்தில்தான் வைக்கப்பட்டன; அவற்றில் கழிவு சிறிதளவே கூடியிருந்தது. எனவே சோளத்தையும் பார்க்கவேண்டியிருந்தது.

சோளத்தை வெட்டிப் பார்த்தபோது

புதுச் சோளத்தின் ஒரு சாக்கைக் கொட்டி முறத்தில் புடைத்துப் பார்த்தோம். தூரத்திலிருந்து பார்க்க வெள்ளையாகவே இருந்த சரக்கு, உள்ளங்கையில் வைத்துப் பார்க்கும்போது வேறாக இருந்தது. பல மணிகளின் நுனி கறுத்திருந்தது. சிலவற்றில் இளஞ்சிவப்புப் படிவு. சிலவற்றில் முளை கிளம்பிக் காய்ந்துபோன தடம். கதிர் முற்றிய நேரத்தில் மழையில் நனைந்த சோளம் இப்படித்தான் இருக்கும். ஃபியூசேரியம், கர்வுலேரியா போன்ற பூசணங்கள் கதிரிலேயே மணியைப் பிடித்துக்கொள்கின்றன. ஈரம் தொடர்ந்தால் மணி கதிரில் இருக்கும்போதே முளைக்க முற்படுகிறது.

அந்தப் பூசணத்தைக் கண்டு, அதுதான் வித்தைக் கெடுக்கிறது என்று கணவர் முடிவுகட்டினார். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் அந்தப் பூசணங்கள் ஆட்டோகிளேவின் வெப்பத்தில் எளிதில் இறந்துவிடும். இறந்த பூசணம் பையைக் கெடுப்பதில்லை. அது இறக்குமுன் மணிக்குச் செய்துவிட்டுப் போனதுதான் கெடுக்கிறது. நனைந்து முளைக்க முற்பட்ட மணியில் மாவுச்சத்தைச் சிதைக்கும் நொதிகள் வேலையைத் தொடங்கிவிட்டிருக்கும். பூசணம் பிடித்த மணியின் தோல் வலுவிழந்து விரிசல் விட்டிருக்கும். அத்தகைய மணி வெந்நீரில் நிற்காது.

இதை அடுப்பில் வைத்துப் பார்த்தோம். முந்தைய ஆண்டுச் சோளம் ஒரு டப்பாவில் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. அதையும் புதியதையும் தனித்தனித் துணியில் முடிந்து, ஒரே பாத்திரத்தில் கொதிக்கவைத்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை சில மணிகளை எடுத்து வெட்டிப் பார்த்தோம். பழைய சோளம் அரை மணி நேரத்தில் உப்பி, தோல் வெடிக்காமல், நடுவில் மங்கலான ஒரு வெள்ளைப் புள்ளியுடன் நின்றது. வேண்டிய பதம் அதுதான். புதியது பதினைந்து நிமிடத்தைத் தாண்டியதுமே வெடிக்கத் தொடங்கியது. அரை மணி நேரத்தில் அதன் ஒரு கணிசமான பகுதி வாய் பிளந்து, கொதிநீர் கஞ்சிபோலக் கலங்கிவிட்டது.

காரணச் சங்கிலி இத்துடன் தெளிவாயிற்று. பழைய சோளத்துக்குப் பொருந்திய அரை மணி நேரம் புதுச் சோளத்துக்கு மிகையாகிவிட்டது. வெடித்த மணியிலிருந்து வழிந்த மாவு மணிகளை ஒட்டவைத்தது. ஒட்டிய மணிகளுக்கிடையே காற்றும் நீராவியும் போக வழி அடைபட்டது. நெருக்கி அடுக்கிய ஆட்டோகிளேவ் அந்த அடைப்பை மேலும் மோசமாக்கியது. வடியாத நீர் பையின் அடி மூலையில் தேங்கியது. பிழைத்த பாக்டீரியாவுக்கு அங்கே இடமும் உணவும் சேர்ந்து கிடைத்தன. முன்பு எவ்வளவு நேரம் வேகவைத்தார்களோ அவ்வளவே இப்போதும் வேகவைத்தார்கள் என்பதால், தங்கள் முறையில் எதுவும் மாறவில்லை என்று அவர்கள் உறுதியாக நம்பியதில் வியப்பில்லை.

மாற்றுத் தானியங்கள்

இதன்பிறகும் மாற்றுத் தானியம் பற்றிய கேள்வி எஞ்சியிருந்தது. நல்ல சோளம் வர இன்னும் வாரங்கள் இருந்தன. எனவே கிடைக்கக்கூடிய தானியங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பேசினோம்.

தானிய வித்து என்பதே ஒப்பளவில் புதிய முறை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஜேம்ஸ் சிண்டன் என்பவர் 1932இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன் மொட்டுக்காளான் வளர்ப்பவர்கள் மட்கிய சாணத்தில் வளர்த்த வித்தையே பயன்படுத்தினர். மேலை நாடுகளில் ரை என்னும் தானியமும், வட இந்தியாவில் கோதுமையும், தமிழ்நாட்டில் சோளமும் வழக்கத்துக்கு வந்ததற்கு முதற்காரணம் அந்தந்த இடத்தில் அது கிடைத்தது என்பதே. காளான் இழை இவற்றில் எதிலும் வளரும். ஆனால் ரைக்குச் சொன்ன ஊறல் நேரத்தையும் வேகும் நேரத்தையும் காணொளியில் பார்த்துச் சோளத்துக்கோ மக்காச்சோளத்துக்கோ அப்படியே எடுத்துக்கொள்வது, பச்சரிசிக்குச் சொன்ன நீர் அளவைப் புழுங்கலரிசிக்கு வைப்பது போன்றது.

மணியின் அளவிலிருந்து தொடங்கினோம். ஆயிரம் மணியின் எடை சோளத்துக்கு ஏறத்தாழ 25 முதல் 30 கிராம், கம்புக்கு 8 முதல் 12, நெல்லுக்கு 20 முதல் 25, மக்காச்சோளத்துக்கு 250 முதல் 300. வேகவைத்து ஈரம் பாதியளவு உள்ள தானியம் 300 கிராம் கொண்ட ஒரு பையில் உலர் தானியம் சுமார் 170 கிராம் இருக்கும். ஒரு பை இரண்டு படுக்கைக்கு, படுக்கைக்கு ஐந்து அடுக்கு என்றால், ஓர் அடுக்குக்குச் சோள வித்தில் அறுநூறு மணி, கம்பில் ஆயிரத்து எழுநூறு, மக்காச்சோளத்தில் வெறும் அறுபது. ஒவ்வொரு மணியும் இழை கிளம்பும் ஓர் இடம். வைக்கோலில் அறுபது இடத்திலிருந்து கிளம்பும் இழைகள் ஒன்றையொன்று தொடுவதற்குள், வேகவைத்த வைக்கோலில் மீந்திருக்கும் பச்சைப் பூசணத்துக்கு இடைவெளி தாராளமாகக் கிடைக்கும். மக்காச்சோளம் மலிவு என்ற கணக்கில் இந்த அறுபது சேர்க்கப்பட்டிருக்கவில்லை.

அப்படியானால் கம்புதானே சிறந்தது என்று மனைவி கேட்டார். கணக்கின்படி ஆம். ஆனால் சிறு மணி நெருங்கிப் படிவதால் காற்றிடைவெளி குறைவு. வேகும் நேரம் குறுகியது. ஓரிரு நிமிடம் தவறினாலும் களியாகிவிடும். அடுப்பை விட்டு நகராமல் நிற்க ஆளில்லாத கூடத்துக்கு அது பொருந்துமா என்பதே கேள்வி. நெல்லைப் பொறுத்தவரை, உமி இருப்பதால் வெடித்து வழிவது குறைவு. அதே உமி, கூர்நுனியால் பையில் கண்ணுக்குத் தெரியாத துளைகளை இடக்கூடியது.

வியாபாரி ஒருவர் விதைக்கடையில் மீந்த சோள விதையை மலிவாகத் தருவதாகச் சொன்னதும் பேச்சில் வந்தது. அதை உடனே மறுத்தோம். விதைக்காக விற்கப்படும் சோளம் திரம், கேப்டான் போன்ற பூசணக்கொல்லிகளால் நேர்த்தி செய்யப்பட்டிருக்கும், காளானும் பூசணமே. வளராது என்பது ஒருபுறமிருக்க, உண்ணும் பொருளின் அருகில் அது வரவே கூடாது.

ஒப்பிட்டுப் பார்த்தது

பேசி முடிவெடுப்பதைவிடச் செய்து பார்ப்பது நல்லதென்று தோன்றியதால், சிறிய அளவில் ஐந்து சரக்குகளை ஒரே நாளில், ஒரே தாய்வித்தில், ஆட்டோகிளேவில் ஒரே வைப்பில் தயாரித்தோம்: மண்டியில் தேடி வாங்கிய பழைய வெள்ளைச் சோளம் சிறிதளவு, புடைத்துக் கழித்த புதுச் சோளம், மக்காச்சோளம், கம்பு, நெல். பைகளுக்கிடையே விரல் போகும் இடைவெளி விட்டோம். திறப்பில் நீராவி சீராக வந்தபிறகே மூடினோம். பஞ்சின் மேல் தாள் கட்டினோம். ஒவ்வொரு தானியத்துக்கும் வேகும் நேரத்தைக் கடிகாரத்தால் அல்லாமல், மணியை வெட்டிப் பார்த்தே முடிவு செய்தோம். எல்லாவற்றையும் முந்தைய இரவே ஊறவைத்தோம்; ஊறும்போது பாக்டீரியாவின் உறைவித்துகள் பல முளைத்துவிடுவதால், முளைத்த நிலையில் அவை வெப்பத்துக்கு எளிதில் இறக்கும். புதுச் சோளம் மட்டும் விதிவிலக்கு. ஊறினால் அது மேலும் இளகிவிடும் என்பதால் கழுவியவுடன் வேகவைத்தோம்.

பையில் இழை ஓடிய வேகத்தில் கம்பு முந்தியது. ஆனால் தயாரானபோது அது கல்போல் ஒரே கட்டியாக இறுகியிருந்தது. உதிர்க்க அழுத்தியபோது மணிகள் நசுங்கின, நசுங்கிய மணி படுக்கையில் புளித்தது. மக்காச்சோளப் பைகள் பார்வைக்கு மிக அழகாக, கெடுதலின்றி வந்தன. பெரிய மணிகளுக்கிடையே நீராவி தடையின்றிப் போகும். ஆனால் படுக்கையில் நிலைமை மாறியது. மற்றவை மூன்று வாரத்துக்குள் வெளுத்துவிட, மக்காச்சோளப் படுக்கைகளில் அடுக்குகளுக்கு நடுவே வைக்கோல் நிறம் மாறாத திட்டுகள் நின்றன. சில திட்டுகளில் பச்சைப் பூசணம் வந்தது. வித்தை இருமடங்காக இட்ட படுக்கைகள் நன்றாக வந்தன, ஆனால் அத்துடன் மலிவு என்பதற்குப் பொருளில்லாமல் போயிற்று. ஒரு கொட்டகையில் மக்காச்சோளப் படுக்கைகளை மட்டும் எலி தேடிப்பிடித்துக் குடைந்திருந்தது. அதை ஆய்வின் முடிவாகக் கொள்ள முடியாது, ஆனால் அந்த வீட்டம்மாள் அதன்பிறகு அந்த வித்தைத் தொடவில்லை.

நெல் எதிர்பார்த்ததைவிட நன்றாக நடந்தது. மணிகள் உதிரியாக இருந்தன. படுக்கையில் இழை சீராக ஓடியது. பையில் மட்டும் சோளத்தைவிடச் சில நாள் தாமதம். துளை விழுந்த பைகள் இருந்தன. அவற்றில் துளையைச் சுற்றியே கெடுதல் தொடங்கியது கண்கூடாகத் தெரிந்தது.

பழைய சோளம் எல்லா வகையிலும் நடுத்தரத்துக்கு மேல். எதிலும் முதலிடமில்லை என்றாலும், எதிலும் தொல்லையில்லை. புடைத்துக் கழித்து, வேகும் நேரத்தைப் பாதியாகக் குறைத்த புதுச் சோளம், பழையதற்குச் சற்றே பின்னால் நின்றது. அதாவது, சோளத்தையே கைவிட நினைக்கவைத்த அதே சரக்கு, தக்கபடி நடத்தியபோது பயன்படும் வித்தைத் தந்தது. இதுவே இந்நிகழ்வில் எனக்கு முக்கியமாகப் பட்டது.

எடுத்த முடிவுகள்

முதலாவதாக, தானியத்தை மாற்றுவதில்லை என்று முடிவாயிற்று. சோளம் எல்லாத் தானியங்களிலும் மேலானது என்பது இதற்குக் காரணமன்று. இருவர் மட்டுமே வேலை செய்யும் கூடத்தில், வேகும் பதத்தில் சில நிமிடத் தவறைப் பொறுத்துக்கொள்ளும் தன்மையும், இருக்கும் பை, இருக்கும் படுக்கை முறை, வளர்ப்பவர்களின் கைப்பழக்கம் ஆகியவற்றோடு பொருந்தும் மணி அளவும் சோளத்துக்கே இருந்தன.

இரண்டாவதாக, தாய்வித்துக்குப் பழைய, நனையாத வெள்ளைச் சோளத்தை மட்டுமே பயன்படுத்துவது. விலை எவ்வளவாயினும் அதற்கு வேண்டிய அளவு சிறிது. தாய்வித்தில் புகும் கெடுதல் அதிலிருந்து பிறக்கும் எல்லாப் பைகளுக்கும் போகும் என்பதால் இங்கே சிக்கனம் பார்க்கக்கூடாது. கையிருப்பிலிருந்த புதுச் சோளத்தைப் புடைத்து, நீரில் மிதப்பதை நீக்கி, குறைந்த வேக்காட்டில் படுக்கை வித்துக்கு மட்டும் பயன்படுத்துவது; அதிலும் முளைத் தடம் மிகுந்த இரண்டு சாக்குகளை மாட்டுத்தீவனத்துக்குக்கூட வைக்காமல் ஒதுக்கிவிடுவது. பூசணம் பிடித்த தானியத்தை மாடு தின்றாலும் நஞ்சு நஞ்சுதான்.

மூன்றாவதாக, ஆட்டோகிளேவில் ஒரு வைப்புக்கான பைகளின் எண்ணிக்கையைக் குறைப்பது. இதைக் கணவர் எளிதில் ஏற்கவில்லை. தேவை மிகுந்த மாதத்தில் உற்பத்தியைக் குறைத்தால் வாடிக்கையாளர் வேறிடம் போய்விடுவார்கள் என்பது அவருடைய கவலை. கழித்த பைகளையும் திருப்பிக் கொடுத்த பைகளையும் கூட்டிப் பார்த்தபோது, நெருக்கி அடுக்கியதால் கூடுதலாகக் கிடைத்தது ஏறக்குறைய ஒன்றுமில்லை என்று மனைவி கணக்கெழுதிக் காட்டியபிறகே இசைந்தார்.

நான்காவதாக, கெட்ட வித்து வாங்கியவர்களுக்கு மாற்றுப் பை இலவசமாகக் கொடுப்பது. அதுவரை சில வாரம் புதிய வாடிக்கையாளரை ஏற்பதில்லை.

பின்னர் நிகழ்ந்தவை

மாற்றங்களுக்குப் பிந்தைய தொகுதிகளில் அடி மூலையில் நனைந்து புளிக்கும் பைகள் விரைவாகக் குறைந்து, தை இறுதியில் பழைய நிலைக்கு வந்தன. இதில் சோளத்தின் வேக்காட்டைக் குறைத்ததன் பங்கு எவ்வளவு, ஆட்டோகிளேவில் இடைவெளி விட்டதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இயலாது. இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினோம். தொழில் நின்றுவிடக்கூடாது என்ற நிலையில் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க அவகாசம் இருக்கவில்லை.

பஞ்சடைப்புக்குக் கீழே வரும் பூசணம் அப்படிக் குறையவில்லை. தாள் கட்டியபின் ஓரளவு குறைந்தது. ஆனால் பங்குனி வரை தொடர்ந்தது. வித்துப் பைகள் இருந்த அறைக்கும் வைக்கோல் நறுக்கும் இடத்துக்கும் நடுவே ஒரு சன்னல் இருந்ததும், வைக்கோல் தூசி அதன் வழியாக வந்துகொண்டிருந்ததும் பிறகுதான் கவனத்துக்கு வந்தது. சன்னலை அடைத்தபின் அது கட்டுப்பட்டது. தானியத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததால் அந்தச் சன்னல் அவ்வளவு நாள் தப்பித்தது.

வளர்ப்பவர்களில் இருவர் வேறு இடத்தில் வித்து வாங்கத் தொடங்கித் திரும்பி வரவில்லை. மற்றவர்களிடம் விலையைச் சிறிதளவு உயர்த்தியபோது எதிர்ப்பு இருந்தது. ஆனால் பையின் மீது தானியம் வேகவைத்த தேதியையும் தொகுதி எண்ணையும் எழுதிக் கொடுக்கத் தொடங்கியது அவர்களுக்குப் பிடித்திருந்தது. அதன்பின் வந்த புகார்கள் எந்தத் தொகுதியைச் சேர்ந்தவை என்று உடனே கண்டுபிடிக்க முடிந்தது. அவற்றில் சில, வித்தின் குறையால் அல்லாமல், வைக்கோலைப் போதிய நேரம் வேகவைக்காததாலும், பிழியும்போது நீர் சொட்டும் அளவுக்கு ஈரம் விட்டதாலும் வந்தவை என்பதும் அப்போது தெரிந்தது.

மாசியில் கரிசல் சோளம் வந்ததும், சாக்குக்குச் சாக்கு ஒரு பிடி எடுத்து வேகவைத்துப் பார்த்தபின்பே விலை பேசினார்கள். வியாபாரிக்கு இது முதலில் விளையாட்டாகத் தோன்றியதாம். வாங்கிய சோளத்தைக் கடித்தால் நறுக்கென்று உடையும்வரை வெயிலில் காயவைத்து, மூடி இறுகும் பிளாஸ்டிக் டிரம்களில் அடைத்துவைத்தார்கள். வண்டு பிடிக்காமலிருக்க மாத்திரை வைக்கலாம் என்ற யோசனையை ஏற்கவில்லை. வீட்டுக்குள், ஆள் படுக்கும் அறைக்கருகில் வைக்கும் தானியத்தில் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை உயிருக்கே ஆபத்து.

மாற்றிச் செய்யவேண்டியவை

இதே நிலை மீண்டும் வந்தால், சரக்கு மாறிய அன்றே, முதல் தொகுதி வெளியே போகுமுன், சோதனை வேக்காடு ஒன்றைப் போட்டுப் பார்க்கவேண்டும். ஒரு பிடி தானியம், ஒரு பாத்திரம், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சில மணிகளை வெட்டிப் பார்ப்பது. இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. வடியவிட்ட மணியைப் பழைய செய்தித்தாளில் வைத்து அழுத்தினால் ஈரத் தடம் பதியக்கூடாது என்பதையும் இத்துடன் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு வைப்பிலிருந்தும் இரண்டு மூன்று பைகளில் தாய்வித்து இடாமல், வெதுவெதுப்பான இடத்தில் சில நாள் வைத்துப் பார்க்கும் வழக்கத்தையும் அவர்கள் இப்போது தொடங்கியிருக்கிறார்கள். ஒன்றும் இடாத பையில் புளித்த வாடை வந்தால் கெடுதல் தாய்வித்திலிருந்து வரவில்லை என்பது உறுதியாகும். இந்த ஒரு பழக்கம் முன்பே இருந்திருந்தால், புகார்கள் வந்த தொடக்கத்தில் தாய்வித்தின் மீது விழுந்த சந்தேகத்தையும், அதனால் நல்ல தாய்வித்துப் பாட்டில்கள் சிலவற்றை அவர்கள் கொட்டிவிட்டதையும் தவிர்த்திருக்கலாம்.

ஒப்பீட்டில் நெல்லுக்கு இன்னும் நியாயம் செய்யவேண்டும் என்று கருதுகிறேன். கீழ்பவானிப் பாசனத்தில் அது வாசலிலேயே விளைகிறது. குறை பையில் விழும் துளையே தவிர வேறில்லை. தடித்த பாலிப்ரொப்பிலீன் பையிலோ, காலி குளுக்கோஸ் பாட்டிலிலோ நெல்லை நிரப்பிப் பார்த்தால் சோளம் தீரும் மாதங்களுக்கு அது போதுமானதாக இருக்கக்கூடும். அதற்கான பாட்டில்களை மனைவி அருகிலுள்ள மருத்துவமனைகளில் சொல்லிவைத்துச் சேகரித்து வருகிறார். அடுத்த ஐப்பசிக்கு முன் ஒரு தொகுதி போட்டுப் பார்ப்பதாக இருக்கிறார்கள்.